இடது காலில் இருந்த கியர்

நான் வேலை பார்த்த இலாகாவின் கொள்முதல் விதிகளில் ஒன்று இது: வாங்கிய பொருளை, அதைப் பயன்படுத்தப் போகிறவர் நேரில் வந்து இயக்கிப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதுவரை அந்தப் பொருள் வந்து சேரவில்லை என்றே கொள்ள வேண்டும். சரக்குப் பிரிவில் முப்பத்தொரு ஆண்டுகள் இந்த விதியைக் கட்டிக் காத்தேன். தோட்டக்காரர் விடுப்பில் இருந்தார் என்பதற்காக ஒரு புல்வெட்டும் இயந்திரத்தை இரண்டு வாரம் வாசலிலேயே நிற்க வைத்தேன். இயக்குநரைக் கீழ்த்தளத்துக்கு வரவழைத்து, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே புது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சுற்றுச் சுழன்று காட்டச் சொன்னேன். அவரும் சுழன்றார். வேறு வழியில்லை, படிவம் என் கையில் இருந்தது.

ஓய்வு பெற்ற பின் சொந்தப் பணத்தில் வாங்கிய முதல் இயந்திரத்துக்கு இந்த விதியை நான் மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதுகூடச் சரியில்லை. அது எனக்கும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் மனைவியின் அண்ணனுக்கு தாசேக் கெலுகோரில் ஆறு ஏக்கரில், எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம் இருக்கிறது. மனைவியை இழந்தவர், தனியாக இருக்கிறார். போன வருடம் அவருக்கு முதுகுத் தண்டில் அறுவை நடந்தது. வலி போயிற்று, கூடவே இடது பாதத்தைத் தூக்கும் சக்தியும் போயிற்று. கீழே அழுத்த முடியும், மேலே தூக்க வராது. வீட்டுக்குள் பரவாயில்லை, செருப்பைத் தேய்த்துக்கொண்டு நடந்துவிடுவார். வெட்டிப் போட்ட மட்டைகளும் வடிகால்களும் கிடக்கிற செம்பனை வரிசைகளுக்குள் போனால் இருபது அடிக்கு ஒரு முறை விழுவார்.

தோட்டத்தில் பாதி அவர் பெயரிலும், தாய் வழியாக வந்த மறுபாதி அவர் மகன் பெயரிலும் இருக்கிறது. மகன் ஜொகூர் பாருவில் என்ஜினியர். நல்ல பிள்ளைதான். அப்பா எங்காவது மரத்தடியில் விழுந்து கிடந்து, சாயங்காலம் வரை யாரும் பார்க்காமல் போய்விடுவார்களோ என்ற பயம் அவனுக்கு. மார்ச் முதல் தேதியிலிருந்து தோட்டத்தைக் குத்தகைக்கு விட ஆளும் பார்த்துவிட்டான். அப்பா கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்வது நின்று போயிற்று. கடைசியில் அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, அப்பா யார் துணையும் இல்லாம தோட்டத்த ஒரு சுத்து சுத்தி வந்துட்டாருன்னா நான் வாயே தொறக்கல. முடியலன்னா நீங்கதான் சைன் வாங்கித் தரணும்."

வேறு யாராவது இதை ஒரு மகனின் கவலையாகக் கேட்டிருப்பார்கள். நான் டெண்டராகக் கேட்டேன்.

நான்கு பக்கத்தில் தேவைப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். நான்கு சக்கரம், மேடு பள்ளம் தாங்கும் ஸ்பிரிங், பின்னால் சாமான் வைக்கத் தட்டு. தோட்ட வேலைக்கென்றே வரும் நாலு சக்கர மோட்டார் சைக்கிள்களின் விலையைக் கேட்டதும், பட்டியலில் ஐந்தாம் பத்தியாக 'சிக்கனம்' என்று சேர்த்துக்கொண்டேன். ஆகவே தோட்ட வகையை விட்டுவிட்டு, இளவட்டங்கள் மணலில் சீறிக்கொண்டு போகிற ஸ்போர்ட் வகையில் பழசாக ஒன்று தேடினேன். பத்து பிரிங்கி கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் கிடைத்தது.

அதைச் சோதித்த விதத்தை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் ரசீது இருந்தது, இறக்குமதித் தாள் இருந்தது, சொந்தக்காரர்கள் கைமாறிய கடிதங்கள் வரிசையாக இருந்தன. ரசீதில் உள்ள எஞ்சின் எண்ணையும் எஞ்சினில் உள்ள எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்து ஒரு மணி நேரம் ஒப்பிட்டேன். ஓர் எழுத்து பிசகவில்லை. எஞ்சின் ஓடுமா என்று கேட்டதற்கு, "பேட்டரி இல்ல அங்கிள்," என்றார் அவர். நான் குறிப்பேட்டில் 'பேட்டரி: இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பத்திக்குப் போனேன்.

சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே, மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிற ஒருவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும். என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை 'சார்' என்பார். அந்தச் சொல்லில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு நக்கல் என்று இன்றுவரை நான் பிரித்துப் பார்த்ததில்லை. லாரியிலிருந்து வண்டியை இறக்கியதும் ஒருமுறை சுற்றி வந்தார். ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பின்பக்கச் சட்டத்தில் தட்டினார். இரண்டாவது தட்டில் அது உள்ளே போய்விட்டது.

"எங்க புடிச்சீங்க சார் இத?"

"பத்து பிரிங்கி."

"பீச் சாமானா? எலும்பு வரைக்கும் உப்பு லா. இத ஓட்ட முடியாது சார், ஊறுகா போடலாம்."

"டாக்குமெண்ட் எல்லாம் கிளீனா இருக்கு."

"சூராட் கிளீன்தான். அப்ப சூராட்டயே ஓட்டிட்டுப் போங்க."

கடிதம், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் இங்கே சூராட் என்றுதான் சொல்வோம். என் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

செலவைக் குறைக்க ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கழற்றுவது, துருவைத் தேய்ப்பது, பெயின்ட் அடிப்பது என் வேலை. வெல்டிங் வைத்து ஒட்டுவது, எஞ்சினைத் திறப்பது, பூட்டுவது அவர் வேலை. எங்கள் வீட்டு முன்கூரைக்கு அடியில் வண்டி ஏறியது. கார் தெருவுக்குப் போயிற்று. ஒவ்வொரு போல்ட்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டேன்; பைக்கு எண், எண்ணுக்குப் பதிவேட்டில் ஒரு வரி, வரிக்கு எதிரே கழற்றிய தேதியும் என் சுருக்கொப்பமும்.

"யாருக்குக் காட்டப் போறீங்க இந்த சைன?" என்று என் மனைவி கேட்டாள்.

"ஆடிட் வந்தா?"

"ஆடிட் வருதோ இல்லையோ, மழ வருது. கார் நனையுது, இந்தப் பிராணி நிழல்ல தூங்குது."

மழை வந்தது, சாய்வாக. பைகளின் மேல் நான் பேனா மையில் எழுதியிருந்த எண்களெல்லாம் ஊதாக் கறையாகிவிட்டன. பதிவேட்டை அலமாரியில் வைத்திருந்ததால் அது மட்டும் ஓர் எழுத்துக் கலையாமல் தப்பியது. எந்தப் பையைக் குறிக்கிறது என்று தெரியாத, மிக அழகான பதிவேடு. இரண்டு வாளி நிறைய போல்ட்டுகளை நான் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அவர் தரையில் சாக்கை விரித்துக் கொட்டி, விரலால் துழாவி, பார்த்துப் பார்த்து எடுத்து, ஒரே மத்தியானத்தில் முன்பாகம் முழுவதையும் பூட்டிவிட்டார்.

நான்கு மாதம் ஆயிற்று. அரித்துப்போன சட்டத்தை வெட்டி எடுத்து, மூடப்பட்ட ஒரு மளிகைக் கடையின் இரும்புத் தட்டிலிருந்து குழாய் வெட்டி ஒட்டினோம். மிச்சத்தில் பின்புறச் சாமான் தட்டு வந்தது. சீட்டுக்கு சோபா தைக்கிறவர் உறை போட்டார், சோபாத் துணியிலேயே. பிஸ்டன் ரிங்கும் சக்கரப் பேரிங்குகளும் மட்டும் புதிது. மணலில் பறந்த வண்டி மெதுவாக, பலமாக இழுக்க வேண்டும் என்பதற்காகப் பின் அச்சில் பெரிய பல்சக்கரம் ஒன்றைப் போட்டார். வெடித்த பிளாஸ்டிக் மட்கார்டுகளை நான் ஓட்டை போட்டுக் கேபிள் கட்டும் பட்டையால் தைத்தேன். அறுவை முடிந்த வயிறு மாதிரி இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்ததும், தையல் போட்ட பச்சை வயிறு மாதிரி ஆயிற்று.

ஒரு மத்தியானம் அது இருமி, புகைந்து, ஓட ஆரம்பித்தது. அப்போது டிசம்பர் கடைசி வாரம். அரசாங்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு ஜுரம் வரும். வேலை முடிந்ததோ இல்லையோ, 'முடிந்தது' என்ற அறிக்கை போய்விட வேண்டும். அந்த ஜுரம் எனக்கு ஓய்வூதியத்தோடு சேர்ந்தே வந்திருக்கிறது. அன்றைக்கே ஜொகூர் பாருவுக்கு, படங்கள் இணைத்து, போனில் ஒரு கடிதம் அனுப்பினேன்: வண்டி தயார், உன் அப்பா இனிச் சுற்றி வருவார், குத்தகைப் பேச்சை நிறுத்தி வைக்கவும். அந்தத் தேதி வரை என் மைத்துனர் வண்டியைப் பார்த்ததுகூட இல்லை. ஆச்சரியமாகக் கொடுக்க வேண்டும் என்று இருந்தேன். முப்பத்தொரு வருடம் யாருக்கும் எதையும் ஆச்சரியமாகக் கொடுத்தவனில்லை நான்.

மூன்று நாள் கழித்து, வாடகை லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு தீவிலிருந்து பெருநிலத்துக்குப் பாலம் கடந்தோம். பட்டறைக்காரரும் என் மனைவியும் வந்தார்கள். மைத்துனர் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதனால்தான் அடுத்து நடந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. வலது காலை வீசி ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பினார். கிளட்சைப் பிடித்து, இடது பாதத்தால் கியரைக் கீழே மிதித்தார். முதல் கியர் விழுந்தது. வண்டி பத்து அடி உறுமிக்கொண்டு நகர்ந்தது.

பிறகு இடது பாதத்தைக் கியருக்கு அடியில் நுழைத்தார். மேலே தூக்க வேண்டும். இந்த வகை வண்டியில் முதல் கியர் மட்டும்தான் கீழே. இரண்டாவதிலிருந்து எல்லாமே காலால் மேலே தூக்க வேண்டியவை. அவர் முழங்காலைத் தூக்கினார், இடுப்பைத் தூக்கினார், தோளைக்கூடத் தூக்கினார். பாதம் மட்டும் ஈரத் துணி மாதிரி தொங்கியது.

எஞ்சினை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாப்பிள்ள, கியரு இடது கால்ல இருக்கே."

நான் பட்டறைக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"யாருக்குன்னு நீங்க சொல்லவே இல்லயே சார். தோட்டத்துக்குன்னுதான சொன்னீங்க."

உண்மைதான். நான்கு பக்கத் தேவைப் பட்டியலில் மண்ணின் ஈரம், சரிவு, மட்டைக் குவியலின் உயரம் எல்லாம் இருந்தன. ஓட்டுகிறவரின் கால் இல்லை.

"பரவால்ல, சீட்டு நல்லா இருக்கு," என்றார் மைத்துனர், சோபாத் துணியைத் தடவிக்கொண்டு. "சாயங்காலம் இதுல ஒக்காந்து காத்து வாங்கலாம்."

"எங்க அண்ணன் சோபா கேட்டாரா ஒங்ககிட்ட?" என்றாள் என் மனைவி. அவள் குரல் தாழ்ந்திருந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் கியரிலேயே ஓட்டலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். சகதியில் சக்கரம் சுழலும், எஞ்சின் கொதிக்கும், இரண்டு மாதத்தில் செத்துவிடும் என்றார் பட்டறைக்காரர். வண்டி மறுபடி லாரி ஏறியது.

அடுத்து செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். பிறர் அதைச் செய்யாமல் விட்டதற்கு நான் எத்தனையோ விளக்கக் கடிதம் கேட்டிருக்கிறேன். தவறான அறிக்கை அனுப்பியவன் அதைத் தானே திருத்தி அனுப்ப வேண்டும். அப்படிச் செய்தால் மகன் உடனே தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்பான். செய்யாமல் விட்டால், அவன் அப்பா சுற்றி வருகிறார் என்று நம்பிக்கொண்டிருப்பான். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதையான சொல், ஒளிந்துகொண்டிருந்தேன். மூன்றாம் நாள் சூலியா தெருவில் ஒரு கடையில் தேத்தண்ணி குடித்தபடியே எழுதி முடித்தேன்: முதல் கடிதம் பிழை. வண்டியை உன் அப்பாவால் ஓட்ட முடியவில்லை. பிழை அவருடையதல்ல, என்னுடையது. பிப்ரவரி கடைசி வரை அவகாசம் வேண்டும்.

பதில் வரவில்லை. படித்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் ஜனவரி நடுவில் ஓர் ஆள் தாசேக் கெலுகோருக்கு வந்து, வரிசை வரிசையாக மரங்களை எண்ணிக்கொண்டு போனான் என்று மைத்துனர் சொன்னார். குத்தகைக்காரரின் ஆள். மைத்துனர் வராந்தாவில் உட்கார்ந்தபடியே அவன் எண்ணுவதைப் பார்த்திருக்கிறார். "எட்டு மரத்த விட்டுட்டான்," என்றார் என்னிடம். "சொல்லலாம்னு பாத்தேன். அவ்வளவு தூரம் நடக்கணுமே."

இதற்குள் நான் கையால் மாற்றும் கியர் ஒன்றை வரைந்திருந்தேன். குறுக்குத் தண்டு, இரண்டு மூட்டு, ஒரு ஸ்பிரிங், வலது கைப்பக்கம் நெம்புகோல். மூன்று கோணத்தில் படம். பட்டறைக்காரர் படத்தை வாங்கி எண்ணெய்க் கையால் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"அழகா இருக்கு சார். பிரேம் போட்டு மாட்டலாம்." பிறகு கேட்டார்: "மச்சான் முன்ன என்ன ஓட்டினாரு?"

"கப்சாய்தான். முப்பது வருஷமா."

இந்த நாட்டில் மீன்காரரிலிருந்து பள்ளி ஆசிரியர் வரை எல்லோரும் ஓட்டுகிற சின்ன மோட்டார் சைக்கிளுக்கு அதுதான் பெயர். அதன் கியர்ப் பெடல் நீளமானது. முன்முனையைப் பாதத்தால் மிதிக்கலாம், பின்முனையைக் குதிகாலால் மிதிக்கலாம். எதையும் தூக்க வேண்டியதில்லை. செருப்புக் காலோடு ஓட்டுகிற நாட்டுக்காகவே செய்தது போல இருக்கும்.

அவர் மூலையில் கிடந்த பழைய இரும்புக் குவியலைக் காலால் கிளறி ஒரு பெடலை எடுத்தார். "அவரு பாதம் அமுக்கும், தூக்காது. சரியா? அப்ப ரெண்டு பக்கமும் அமுக்குற மாதிரி குடுத்தா முடிஞ்சிச்சு. எதுக்கு சார் ரோக்கெட்டு?"

நான் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இந்த முறை விதியை அப்படியே பின்பற்றினோம். சக்கரங்களைக் கழற்றிக் கட்டையின் மேல் நிறுத்திய வண்டியில் ஏற்ற, மைத்துனரைக் காரில் அழைத்து வந்தேன். பெடலை அவர் காலுக்கு அளந்து, வெட்டி, பழைய கியர்த் தண்டின் தலையோடு ஒட்டியிருந்தார் பட்டறைக்காரர். மைத்துனர் முன்முனையை மிதித்தார், முதல் கியர். இரண்டாவதுக்கு மறுபடி முன்முனையையே மிதித்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி மிதித்தார்.

"குதிகாலு மச்சான், குதிகாலு," என்றேன்.

"அது எறக்குறதுக்கு, மாப்பிள்ள. ஏத்துறது முன்னாலதான்."

"இதுல தலைகீழ்."

"முப்பது வருஷமா முன்னால மிதிச்ச காலு. நீங்க சொன்னா அது கேக்குமா?"

கேட்காது. சறுக்கலில் அவசரத்துக்கு மிதித்தால் கால் தன் பழைய வழிக்கே போகும் என்றார் பட்டறைக்காரரும். ஓர் இணைப்புக் கம்பியை நடுவில் வைத்துப் பெடலைத் தலைகீழாகத் திருப்பினார். முன்னால் மிதித்தால் ஏறும், குதிகாலால் மிதித்தால் இறங்கும். அதற்கு அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. என் பங்கு, டார்ச் விளக்குப் பிடித்தது.

இரண்டாம் முறை மைத்துனர் ஏறியபோது என் மனைவியும் வந்திருந்தாள். நாங்கள் மூன்று ஆண்களும் பெடலையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் அண்ணனின் செருப்பைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் காலு வழுக்கிப் பின்னால போச்சுன்னா எங்க போகும்?"

காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. பின்னால் ஒரு சாண் தள்ளி, சுழலப் போகிற பெரிய சக்கரம். பாதம் தூக்க வராத மனிதரின் கால் அங்கே போனால் திரும்பி வராது. பட்டறைக்காரர் குனிந்து அந்த இடைவெளியை விரலால் அளந்தார். "அக்கா சொல்றது சரி," என்றார். இரண்டு பக்கமும் இரும்புத் தட்டு வைத்து, பின்னால் குதிகாலுக்கு மேலே வரை தடுப்பு ஒட்டினார். சக்கரங்களைப் பூட்டிய பிறகு மைத்துனர் மூன்றாம் முறை வந்து, பட்டறைச் சந்தில் போய் வந்து, நான் நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டார். குறைபாடுகள் என்ற இடத்தில், 'பின்னோக்கிச் செல்லக் கியர் இல்லை' என்று நான் எழுதியிருந்தேன்.

"முட்டிக்கிட்டா எறங்கித் தள்ளணும் மச்சான். ஒங்களால முடியாது."

"முட்டாம போறேன். ஒவ்வொரு வரிசைக் கடைசிலயும் சுத்தித் திரும்புற மாதிரி மட்டைய ஒதுக்கச் சொல்லியாச்சு."

பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் வண்டி தாசேக் கெலுகோரில் இறங்கியது. மைத்துனர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, எங்களைத் திரும்பிப் பார்க்காமல் முதல் வரிசைக்குள் நுழைந்தார். நாங்கள் வேலி ஓரம் நின்றோம். யார் துணையும் இல்லாமல் என்பது நிபந்தனை. பின்னாலேயே போக முடியாது. சத்தம் மாறுவதை வைத்துக் கியரை எண்ணினேன். இரண்டு, மூன்று, மறுபடி இரண்டு. தூரத்தில் கோடியில் திரும்பியது கேட்டது.

அப்புறம் சத்தம் நின்றுவிட்டது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் ஆனதும் அவள் வேலியைத் தாண்டி நடக்க ஆரம்பித்தாள். நான் நிபந்தனை என்று வாயெடுத்தேன். நல்ல வேளையாக அதை முடிக்கவில்லை. அவளுக்குப் பின்னாலேயே போனேன். நான்காவது வரிசையைத் தாண்டும்போது எஞ்சின் மறுபடி கிளம்பியது. மட்டைகளுக்கு நடுவிலிருந்து, தையல் போட்ட பச்சை வயிற்றோடு அது வந்தது. மைத்துனர் எங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவர் கோபமாக இருந்தார்.

"கூலிக்குக் குலை வெட்டுறவன் ரெண்டு வரிசைய அப்படியே விட்டுட்டான். பழமெல்லாம் பழுத்துக் கொட்டிக் கெடக்கு. ஏழு மாசமா வராந்தாவுல ஒக்காந்துகிட்டு அவன் சொன்னதயெல்லாம் நம்பியிருக்கேன்."

எங்கள் பதிலுக்குக் காத்திருக்காமல் கியரை மிதித்தார், மீதி வரிசைகளைப் பார்க்கப் போய்விட்டார். என் மனைவி ஒரு மட்டைக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று மாலையே மூன்றாவது கடிதத்தை அனுப்பினேன். கையெழுத்திட்ட படிவம், பின்கியர் இல்லை என்ற குறிப்பு, சுற்றி வர ஆன நேரம், நடுவில் நின்ற ஐந்து நிமிடம், அதற்கான காரணம் எல்லாம் அதில் இருந்தன. நாங்கள் வேலி தாண்டி நான்கு வரிசை போனதையும் எழுதினேன். அதற்காக அவன் இந்தச் சுற்றைச் செல்லாது என்றால், மறுநாளே இன்னொன்றுக்கு ஏற்பாடு செய்வதாகவும் எழுதினேன். நீலக் குறி விழுந்தது. ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. குத்தகைக்காரர் மார்ச் முதல் தேதி ஆட்களோடு வருவதாகப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறார் என்று கேள்விப்பட்டோம். மைத்துனரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. போன் செய்தால் அவர் கிடைப்பதுமில்லை.

பதில் வந்தபோது நான் முன்கூரைக்கு அடியில், காரை மறுபடி உள்ளே விடுவதற்காக எண்ணெய்க் கறையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஐந்து வரி.

"மாமா, மூணு லெட்டரும் படிச்சேன். மொத லெட்டர நான் நம்பவே இல்ல. ரெண்டாவது படிச்சப்பறம்தான் மூணாவது வந்தா நம்பலாம்னு தோணிச்சு. குத்தகை வேணாம்னு அந்த ஆள்கிட்ட இப்பதான் சொல்லி முடிச்சேன், லேட்டுக்கு சாரி. அப்பாவுக்கு நாலு தடவ அடிச்சிட்டேன், எடுக்க மாட்றாரு, எஞ்சின் சத்தத்துல கேக்கல போல, நீங்களே சொல்லிடுங்க."

உள்ளே போய் அதை அச்செடுத்து, மற்ற தாள்களுக்கு மேலே கோத்து, வலது மூலையில் பெற்றுக்கொண்ட தேதியைக் குறித்தேன்: பிப்ரவரி இருபத்தாறு.